பைக்கின் பின்சக்கரத்தில் கார் டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய டூரிங் (நெடும்பயண) பைக் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். பின் டயர் சீக்கிரம் தேய்கிறது, புதியது வாங்கப் போனால் விலை கையைக் கடிக்கிறது, அதே 16 அங்குலச் சக்கரத்துக்குக் கார் டயர் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, அதை மாட்டினால்தான் என்ன? கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாய்ந்து திரும்பும் இரண்டு சக்கர வண்டிக்குக் கார் டயர் வேண்டாம். ஏன் வேண்டாம், எங்கே மட்டும் சரி என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

உண்மையிலேயே இப்படி யாராவது ஓட்டுகிறார்களா?

ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் நெடுந்தூரம் போகிறவர்களிடையே இது பல ஆண்டுகளாக நடக்கிறது, அங்கே இதற்கு ‘டார்க்சைடு’ என்று பெயரே உண்டு. அதிகமாகப் பேச்சில் அடிபடும் வண்டிகள் ஹோண்டா கோல்ட்விங், ஹோண்டா வால்கிரி, ட்ரையம்ப் ராக்கெட் 3, கவாசாகி வல்கன் 2000. எல்லாமே கனமானவை, பின்சக்கரம் 16 அங்குலம், டயரும் அகலம். அதனால்தான் கார் டயர் ஏதோ ஒன்று அளவில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டும்தான் மாட்டுகிறார்கள், முன்சக்கரத்தில் பைக் டயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

எதற்காக இந்த மெனக்கெடல்?

முதல் காரணம் ஆயுள். ஏற்றிய பெட்டிகளோடு 400 கிலோவைத் தாண்டும் ஒரு வண்டி, பின்னால் இன்னொருவர், நாள் முழுக்க நெடுஞ்சாலை வேகம் என்று ஓட்டினால் பைக் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும், இரு ஓரமும் புதிதுபோலவே இருக்கும். அதைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். கார் டயர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடுகிறது என்று மாட்டியவர்கள் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அது அப்படி நீண்ட நாள் உழைப்பதற்கென்றே கலவை சேர்த்துச் செய்யப்பட்டது. இரண்டாவது விலை. மூன்றாவது, நெடும்பயணத்தில் நடுவழியில் டயர் தேய்ந்துபோனால் கார் டயர் எந்த ஊரிலும் கிடைக்கும், பைக் டயருக்குக் காத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் நியாயமான காரணங்கள். இப்படிச் செய்கிறவர்களை முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை; பலர் என்னைவிட அதிக கிலோமீட்டர் பார்த்தவர்கள்.

நேராகப் போகும்போது வித்தியாசம் தெரியுமா?

நல்ல தார்ச்சாலையில் நேராகப் போனால் பெரிதாகத் தெரியாது, சிலருக்கு இன்னும் சுகமாகவே இருக்கும். நண்பர் ஒருவரின் கோல்ட்விங்கைக் கார் டயரோடு ஒரு மதியம் முழுக்க ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் இருபது நிமிடம், இதற்குப் போய் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றுதான் தோன்றியது. அப்புறம் சாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்த இடம் வந்தது, லாரிகள் ஓடி ஓடித் தடம் பதிந்த இடம் வந்தது. வண்டி என்னைக் கேட்காமலே அந்தத் தடத்தின் போக்கில் இழுத்துக்கொண்டு போனது. ஹேண்டிலைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நண்பருக்கு அது பழகிவிட்டிருந்தது, அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

வளைவில் என்ன நடக்கிறது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

எல்லாக் கேள்விக்கும் அடிப்படை இதுதான், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். கார் வளைவில் திரும்பும்போது அதன் சக்கரம் கிட்டத்தட்ட நேராகவே நிற்கிறது, சாலையோடு ஒப்பிட்டால் சில டிகிரிதான் சாயும். பைக் அப்படி இல்லை. 100 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் வண்டி ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்தாக வேண்டும், இது வெறும் கணக்கு, யார் ஓட்டினாலும் மாறாது. அவ்வளவு சாய்ந்த பிறகும் தரையில் ஒரே மாதிரி ரப்பர் படிய வேண்டும் என்பதற்காகத்தான் பைக் டயரின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்கிறது. நேராக நிற்கும்போது நடுப்பகுதி தரையில், சாயச் சாய அந்தத் தொடுபரப்பு ஓரத்தை நோக்கி மெல்ல நகர்கிறது, எங்கேயும் ஒரு முனையோ விளிம்போ குறுக்கிடுவதில்லை. உருண்டையான டயர் சாய்ந்து உருளும்போது அந்தச் சாய்வே வண்டியை வளைவின் உள்பக்கம் தள்ளும் ஒரு விசையைத் தருகிறது, பைக் திரும்புவதில் பெரும்பங்கு அதற்குத்தான்.

இப்போது அந்த இடத்தில் தட்டையான கார் டயரை வையுங்கள். சாய ஆரம்பித்த உடனே எடை முழுவதும் உள்பக்க விளிம்புக்குப் போகிறது, வெளிப்பக்கம் மேலே எழும்பப் பார்க்கிறது. சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், நெளிந்து கொடுப்பதால் டயர் ஓரளவு தரையோடு படிந்துகொள்கிறது, உண்மைதான், வளைவில் எடுத்த படங்களைக் காட்டி ‘பாருங்கள் எவ்வளவு ரப்பர் தரையில் இருக்கிறது’ என்று சொல்வார்கள். ஆனால் அந்த ரப்பர் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளி, உள்பக்கத்தில் இருக்கிறது. தரை மேல்நோக்கித் தரும் தாங்குவிசை அந்த இடத்தில் செயல்படுவதால் அது வண்டியை நிமிர்த்தப் பார்க்கும். அதனால்தான் கார் டயரோடு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: வளைவு முடியும்வரை உள்பக்க ஹேண்டிலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் வண்டி நிமிர்ந்து வளைவுக்கு வெளியே போகும்.

முன்னால் உருண்டை டயர், பின்னால் தட்டை டயர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே சாய்வுக்கு இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன, இரண்டுக்கும் நடுவில் சமாதானம் செய்துவைக்கும் வேலை ஓட்டுகிறவர் கையில் விழுகிறது.

பழகிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

சாதாரண வளைவு பழகிவிடும். அங்கே வளைவு முன்கூட்டியே தெரிகிறது, மெதுவாகச் சாய்க்கிறோம், கை தானாகவே கொஞ்சம் கூடுதலாக அழுத்தப் பழகிக்கொள்கிறது. பழக்கத்துக்குள் அடங்காதது திடீரென்று வருவதுதான். எதிரில் ஒரு வண்டி குறுக்கே வருகிறது, ஒரு பக்கம் ஒடித்து உடனே மறுபக்கம் ஒடிக்க வேண்டும். உருண்டை டயரில் அது ஒரே ஓட்டமாக நடக்கிறது. தட்டை டயரில் ஒரு விளிம்பிலிருந்து இறங்கி, நடுத் தட்டையைக் கடந்து, மறு விளிம்பில் ஏற வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் ஹேண்டிலுக்குத் தேவையான அழுத்தம் மாறுகிறது. அரை விநாடியில் நடந்து முடிய வேண்டிய காரியம் அது.

இன்னொன்று, வளைவின் நடுவில் வரும் மேடு பள்ளம். சாய்ந்திருக்கும்போது டயரின் வெளி ஓரம் ஒரு ஒட்டுத்தாரின் மேல் ஏறினால் தாங்கும் இடம் சட்டென்று இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குத் தாவுகிறது, வண்டி ஒரு உலுக்கு உலுக்கும். நண்பரின் வண்டியில் நான் உணர்ந்தது இதைத்தான், வேகம் குறைவாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நடு தேய்ந்து தட்டையான பைக் டயரோடு ஓட்டியவர்களுக்கு இந்த உணர்வு ஓரளவு தெரிந்திருக்கும். அதையே பல மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள்.

அகலமான டயர் என்றால் தரையில் அதிக ரப்பர், அதிக பிடிப்பு, அப்படித்தானே?

இந்த வாதத்தை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. தரையில் படியும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது டயரின் அகலம் அல்ல. மேலே இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். பின்சக்கரத்தின் மேல் 250 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். 2001 முதல் 2017 வரை வந்த கோல்ட்விங்குக்குச் சொல்லப்பட்ட 41 பிஎஸ்ஐ காற்றில் அந்த எடையைத் தாங்க ஏறக்குறைய 87 சதுர சென்டிமீட்டர் போதும். அதே 41 பிஎஸ்ஐ உள்ள கார் டயரிலும் ஏறக்குறைய அதே பரப்புதான் வரும், வடிவம் மட்டும் மாறும்: பைக் டயரில் நீளமாக, ஒடுங்கலாக, கார் டயரில் அகலமாக, குட்டையாக. டயரின் விறைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும், அவ்வளவுதான். கார் டயர் மாட்டுகிறவர்கள் பலர் காற்றை 30 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து வைக்கிறார்கள், அப்போது பரப்பு 118 சதுர சென்டிமீட்டர்வரை போகும். கூடுதல் ரப்பர் வந்தது காற்றைக் குறைத்ததால். அதுவும் நிமிர்ந்து நிற்கும்போது கிடைக்கும் கணக்கு, சாய்ந்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பது வேறு கதை.

ரிம்மில் சரியாக உட்காருமா? இரண்டுமே 16 அங்குலம்தானே?

பெயரளவில் இரண்டும் 16. ஆனால் ரிம்மின் விளிம்பைக் கவனித்துப் பாருங்கள். பைக் ரிம்மில் ‘எம்டி’ என்ற எழுத்துகள் இருக்கும், கார் ரிம்மில் அகலத்துக்குப் பின்னால் ‘ஜே’ என்று இருக்கும். இரண்டும் வேறு வேறு வடிவங்கள். டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பியால் ஆன வளையம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் பீட் என்கிறோம். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பதும், டயர் ரிம்மில் வழுக்காமல் பார்த்துக்கொள்வதும், வளைவில் டயர் கழன்று வராமல் காப்பதும் எல்லாம் அந்த பீடும் ரிம்மின் விளிம்பும் இறுக்கமாகப் பொருந்துவதைப் பொறுத்தது. பீட் உட்காரும் அந்த இடத்தின் அளவு, சரிவு, ஓரத்தின் உயரம், வளைவு எல்லாம் கார் தரத்தில் ஒரு மாதிரி, பைக் தரத்தில் ஒரு மாதிரி. பூட்டும் சாவியும் ஒரே நீளம் என்பதற்காகத் திறந்துவிடாது.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், பல பைக் ரிம்களில் கார் டயரின் பீட் லேசில் போய் உட்காருவதில்லை. கார் டயர்கள் பலவற்றின் பக்கவாட்டிலேயே ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்: பீடை உட்கார வைக்க 40 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏற்றாதே என்று. பைக் ரிம்மில் அது 40இல் உட்காராதபோது 60, 70 என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீடுக்குள் இருக்கும் கம்பி அறுந்தால் டயர் வெடிக்கும், பக்கத்தில் குனிந்து நிற்கிறவரின் கை, முகம், சில சமயம் உயிர் போகும். இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இது இருக்கட்டும்.

ஆனால் என் டயர் ‘டப்’பென்று சத்தம் கேட்டு உட்கார்ந்துவிட்டதே?

உட்கார்ந்தது போலத் தெரிவதும் முழுச் சுற்றும் சரியாகப் பொருந்தியிருப்பதும் ஒன்றல்ல. காற்று இறங்கவில்லை என்றால் கசிவு இல்லை என்று மட்டும்தான் பொருள். சாய்ந்த நிலையில் பக்கவாட்டு இழுவை வரும்போது, மெதுவான பஞ்சரில் காற்று பாதியாகும்போது அந்தப் பிடி நிற்குமா என்பதை நின்ற இடத்தில் பார்த்துச் சொல்ல முடியாது.

எந்த அளவுக்கு எந்த அளவை மாட்டுகிறார்கள்? ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

ஸ்பீடோமீட்டர் விஷயம் அவ்வளவு பெரியதில்லை. பழைய கோல்ட்விங் 1800இன் பின் டயர் 180/60 ஆர்16 (180 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்க உயரம், 16 அங்குல ரிம்), அதன் விட்டம் கணக்குப்படி 622 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக மாட்டப்படும் 195/55 ஆர்16 கார் டயரின் விட்டம் 621. வித்தியாசமே இல்லை எனலாம். வால்கிரியின் 180/70 ஆர்16 விட்டம் 658, அதில் மாட்டும் 205/60 ஆர்16 விட்டம் 652.

கவனிக்க வேண்டியது அகலத்தை. கோல்ட்விங்கின் பின் ரிம் 5 அங்குல அகலம். 195/55 ஆர்16 கார் டயருக்குத் தரப்படி அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5.5இலிருந்து 7 அங்குலம்வரை. அதாவது ரிம்மின் வடிவம் பொருந்துகிறதா என்ற கேள்விக்கு முன்பே, அகலத்தின்படி பார்த்தாலும் அந்த ரிம் அந்த டயருக்கு உரியது அல்ல. ஒடுங்கிய ரிம் டயரின் இரண்டு பக்கத்தையும் உள்ளே இழுத்து நடுவைக் கொஞ்சம் உருண்டையாக்குகிறது என்பதால் ‘அது நல்லதுதானே’ என்று சிலர் சொல்வார்கள். டயரின் உள் இழைகளும் பெல்ட்டும் அந்த வடிவத்தில் வேலை செய்யச் செய்யப்பட்டவை இல்லை என்பதுதான் என் பதில். அப்புறம் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம், மட்கார்டு இவற்றோடு இருக்கும் இடைவெளி. நிற்கும்போது விரல் நுழைகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால், ஆள் ஏறிப் பள்ளத்தில் விழும்போது உரசும்.

கார் டயர் அதிக எடை தாங்கும், அப்படியென்றால் பாதுகாப்புதானே?

லோடு இண்டெக்ஸை, அதாவது டயர் தாங்கும் எடைக்கான குறியெண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கோல்ட்விங்கின் 74 என்பது 375 கிலோ, 195/55 ஆர்16 கார் டயரின் 87 என்பது 545 கிலோ. ஆனால் அந்த 545 கிலோ, கார் ரிம்மில், நிமிர்ந்த நிலையில், சொன்ன காற்றில் தாங்கும் எடை. எடை தாங்கும் திறன் போதாமல் பைக் டயர் தோற்கிறது என்றால் இந்தக் கணக்கு உதவும். கனமான பயணத்துக்குப் பைக் டயரிலேயே அதிக லோடு இண்டெக்ஸ் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

மழையில் கார் டயர் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே?

கார் டயரில் ஆழமான நீளவாட்டுக் கோடுகள் நிறைய உண்டு, தண்ணீரை வெளியேற்றும் திறமை அதற்கு உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரின் மேல் டயர் மிதக்க ஆரம்பிக்கும் வேகம் காற்றழுத்தத்தைச் சார்ந்தது. 1963இல் நாசா விமான டயர்களை வைத்து வெளியிட்ட ஆய்வின்படி அந்த வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும் குறையும். 41 பிஎஸ்ஐயை 30 ஆக்கினால் மிதக்கும் வேகம் ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது. அகலமான தட்டைப் பரப்பு தண்ணீரைக் கிழித்துப் போவதைவிட அதன் மேல் ஏறத்தான் பார்க்கும். ஒடுங்கிய உருண்டை முகம் படகின் மூக்கைப்போலக் கிழித்துக்கொண்டு போகும். ஆகவே கோடுகளால் கிடைப்பதில் ஒரு பகுதி அகலத்தாலும் குறைந்த காற்றாலும் போய்விடுகிறது. மழையில் வளைவு என்றால் மேலே சாய்வைப் பற்றிச் சொன்னது எல்லாம் வழுக்கும் தரையில் திரும்ப வருகிறது.

பிரேக்?

சாயாமல் நேராகப் போகும் வண்டியில் பின் பிரேக்கைக் கார் டயர் நன்றாகவே தாங்கும். ஆனால் பலமாகப் பிடிக்கும்போது எடை முன்னால் போகிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் டயருடையது, அதுவோ பழைய பைக் டயர்தான்.

ரன்ஃபிளாட் டயர் போட்டால்?

பலர் அதைத்தான் விரும்புகிறார்கள், பஞ்சரானாலும் விறைப்பான சைடுவால் வண்டியைத் தாங்கும் என்று. காரில் காற்றில்லாமல் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் போல ஓட அவை செய்யப்பட்டவை. பைக்கில் பஞ்சரின்போது அது உதவலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாயும்போது டயர் தரையோடு படிவதற்குக் காரணமே சைடுவால் நெளிவதுதான், அதை விறைப்பாக்கினால் விளிம்பில் நிற்பது இன்னும் கூடும். நெளியும் டயரை எடுத்தால் வண்டி பின்னால் தளும்பும், விறைத்த டயரை எடுத்தால் விளிம்பில் ஏறும். காற்றைக் கூட்டிக் குறைத்து ‘சரியான இடத்தை’த் தேடுகிறவர்கள் மாட்டிக்கொண்டு நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முன்சக்கரத்தில் போடலாமா?

கூடவே கூடாது. திசை திருப்புவதும் நிறுத்துவதும் முன்சக்கரம். கார் டயர் மாட்டுகிறவர்களே இதில் என்னோடு ஒத்துப்போவார்கள். அவர்களில் சிலர் ஆயுளுக்காக முன்னால் ஒரு பைக் பின் டயரைத் திசை மாற்றி மாட்டுவது உண்டு, அது வேறு விஷயம், அதையும் டயர் நிறுவனம் அந்த அளவுக்கு அனுமதி தந்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

‘நான் இதிலேயே ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பவருக்கு என்ன பதில்?

அவர் பொய் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில், நிதானமாக, அனுபவத்தோடு ஓட்டினால் அந்த டயரின் குறை வெளிப்படும் சந்தர்ப்பம் வராமலே போகலாம். ஹெல்மெட் இல்லாமல் இருபது வருடம் ஓட்டியவரும் இதையே சொல்வார். விழுந்தவர், ‘என் டயர்தான் காரணம்’ என்று பெரும்பாலும் எழுத மாட்டார், அவருக்கே தெரிந்திருக்காது. வளைவில் வெளியே போய்விட்டேன், வேகம் அதிகம் என்றுதான் நினைத்துக்கொள்வார். அதனால் நல்லபடியாக முடிந்த கதைகள் மட்டும் நம் காதுக்கு வருகின்றன. ஒரு டயரை நான் மதிப்பிடுவது ஒன்றும் நடக்காத 99,999 கிலோமீட்டரை வைத்து அல்ல, மிச்சமிருக்கும் அந்த ஒரு கிலோமீட்டரில் அது எனக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான்.

சைடுகார் வைத்த பைக்குகளில் கார் டயர் பார்த்திருக்கிறேனே?

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள், அங்கே அது பொருத்தமானதும்கூட. பக்கத்தில் மூன்றாவது சக்கரத்தோடு சைடுகார் மாட்டிய வண்டி வளைவில் சாய்வதில்லை. உருண்டை டயருக்கு அங்கே வேலை இல்லை, பக்கவாட்டு விசையைத் தாங்கும் தட்டை டயர்தான் தேவை, உருண்டை டயர் போட்டால் நடு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஐரோப்பாவில் சைடுகார் கட்டுகிறவர்கள் பல காலமாக இதைச் செய்கிறார்கள், சிட்ரோன் 2சிவி காரின் ஒடுங்கிய 125 ஆர்15, 135 ஆர்15 டயர்கள் அவர்களிடம் பிரபலம். ஆனால் கவனியுங்கள், நன்றாகக் கட்டப்பட்ட வண்டிகளில் கார் டயருக்கு ஏற்ற ரிம்மையும் சேர்த்தே போடுகிறார்கள். மூன்று சக்கர ட்ரைக்கின் பின்பக்கமும் இதே கதைதான். சாயாத வண்டி, உரிய ரிம், கார் டயர்: இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

சாதாரண 150, 200 சிசி பைக்கில் முடியுமா?

முடியாது, முயல வேண்டியதும் இல்லை. ரிம் ஒடுக்கம், அந்த அளவில் வழக்கமான கார் டயரே இல்லை. சிலருக்குக் காரின் டிக்கியில் இருக்கும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி மேல் கண் போகும், 17 அங்குலத்தில் 125/70 அளவில் அவை உண்டு. அவை மணிக்கு 80 கிலோமீட்டர் எல்லைக்குள், 60 பிஎஸ்ஐ காற்றில், வீடுவரை போய்ச் சேருவதற்காகச் செய்யப்பட்டவை.

சட்டமும் இன்சூரன்ஸும்?

பைக் டயரும் கார் டயரும் தனித்தனி விதிகளின் கீழ் அங்கீகாரம் பெறுகின்றன. ஐநாவின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதிகளில் காருக்கு 30ஆம் எண், பைக்குக்கு 75ஆம் எண். பைக் டயரின் அளவுக்குப் பின்னால் இருக்கும் ‘எம்/சி’ என்ற குறி இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான். பைக் நிறுவனங்களும் டயர் நிறுவனங்களும் கார் டயரைப் பைக்கில் மாட்டாதீர்கள் என்றே சொல்கின்றன. விபத்துக்குப் பிறகு பரிசோதிக்க வருகிறவர் டயரையும் பார்க்கலாம், ஆகவே உங்கள் பாலிசியில் வண்டியை மாற்றியமைப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்து வருகிறவர் இந்த முடிவை எடுக்கவில்லை என்பதையும் யோசியுங்கள்.

அப்படியானால் பைக் டயரின் ஆயுளைக் கூட்ட வழி என்ன?

காற்று. பத்தில் எட்டுப் பேர் வண்டி சூடான பிறகு அளக்கிறார்கள் அல்லது அளப்பதே இல்லை என்பது என் அனுபவம். காலையில் குளிர்ந்த டயரில், உங்களுடைய சொந்த அளவுமானியில், எடை ஏற்றுவதற்குக் கையேடு சொல்லும் அளவுக்கு நிரப்புங்கள். குறைந்த காற்று டயரைச் சூடாக்கித் தின்றுவிடும். அடுத்தது டயர் தேர்வு: ஸ்போர்ட் டயரை டூரிங் வண்டியில் போட்டுவிட்டுத் தேய்கிறது என்று வருந்துவதில் பயன் இல்லை, நெடும்பயணத்துக்கென்று நடுவில் கடினமான கலவை வைத்த டயர்கள் இருக்கின்றன. வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சிக்னலில் புறப்படும்போது ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகினாலே பின் டயரின் ஆயுள் கூடுவதைப் பார்ப்பீர்கள், கனமான வண்டியில் இது நன்றாகவே தெரியும். நீண்ட பயணத்துக்கு முன் டயர் பாதியாகிவிட்டிருந்தால் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், நடுவழியில் கார் டயர் தேடும் நிலையே வராது.

பழைய வண்டி வாங்கினேன், பின்னால் கார் டயர் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்: பின்னால் நின்று பார்த்தால் முகம் தட்டையாக இருக்கும், அளவுக்குப் பின்னால் எம்/சி குறி இருக்காது. அப்படித்தான் என்றால் மாற்றும்வரை பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள், மழையில் எடுக்காதீர்கள், டயர் மாற்றும் இடம்வரை மட்டும் நிதானமாக ஓட்டுங்கள், முடிந்தால் ஏற்றிக்கொண்டு போங்கள். கழற்றிய பிறகு உடனே புது டயரை மாட்டச் சொல்லிவிடாதீர்கள். ரிம்மின் பீட் உட்காரும் இடம் முழுவதையும் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள், கார் டயரை வலுக்கட்டாயமாக உட்கார வைத்தபோதோ நெம்பி எடுத்தபோதோ கீறல், நெளிவு, விரிசல் விழுந்திருக்கலாம். விரிசல் கண்ணில் பட்டால் அந்த ரிம்மை மாற்றிவிடுங்கள், வெல்டு வைக்கச் சொல்லாதீர்கள். வால்வையும் புதிதாகப் போட்டு, பேலன்ஸ் பார்த்து, பைக் டயரை மாட்டி, முதல் 150 கிலோமீட்டர் மெதுவாகச் சாய்த்து ஓட்டுங்கள். புது டயரின் வழுவழுப்பு போகவும் அவ்வளவு தூரம் வேண்டும், கார் டயரோடு மல்லுக்கட்டிப் பழகிய கை உள்ஹேண்டிலைத் தேவைக்கு மேல் அழுத்தாமல் பழகிக்கொள்ளவும் அவ்வளவு தூரம் வேண்டும்.